பஸ்ஸுக்கு முந்தைய ஒரு மணி நேரம்

(நெல்லிக்குப்பத்தில் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நெல்லிக்குப்பத்தில் பாசஞ்சர் ஏறினால் வரகால்பட்டு, திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, அடுத்தது சிதம்பரம். ஸ்டேஷனுக்கு மேற்கே நடராசர் கோயில், கிழக்கே அண்ணாமலை நகர். இந்த வரிசையை ஊர்ப் பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார்கள். அதே தடத்தில் நாள்தோறும் போய்வரும் கல்லூரி மாணவர் ஒருவரை நிறுத்தி, ‘இந்த மாதம் உங்கள் கல்லூரியில் என்னென்ன நடக்கப் போகிறது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘இன்டர்னல் இருக்கு சார்’ என்பார். அதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. முதல் வகுப்புக்கு மணி அடிக்கும்போதுதான் மூச்சு வாங்க உள்ளே நுழைகிறார். கடைசி மணி அடித்ததும் பஸ் ஸ்டாண்டை நோக்கி ஓட்டம். பேச்சுப் போட்டி, நாடக ஒத்திகை, என்.எஸ்.எஸ். கூட்டம், வெளியூர்ப் பேராசிரியரின் சிறப்புரை என்று எதுவானாலும் வகுப்பு முடிந்த பிறகுதான் வைக்கிறார்கள். அது தொடங்கும்போது அவர் ஆலப்பாக்கம் தாண்டியிருப்பார். விடுதியில் இருப்பவருக்கு அது மாலை நேரம், டே ஸ்காலருக்கு அது பஸ் நேரம். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றியதுதான்.

எல்லாவற்றையும் வகுப்பு முடிந்த பிறகே வைக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சிதம்பரத்தின் கதையே விடை சொல்லும். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் அங்கே மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் தனித்தனிக் கல்லூரிகள் அதையடுத்து எழுந்தன. தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக இருந்து நடத்தியவர் உ.வே.சாமிநாதையர். இவையெல்லாம் சேர்ந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகம் அது. வகுப்பு முடிந்தால் யாரும் எங்கும் ஓட வேண்டியதில்லை. ஆகவே மாலை என்பது அங்கே இன்னொரு வகுப்பாகவே வளர்ந்தது.

2013இல் அரசு அந்தப் பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. 2021இல் இன்னொரு பெரிய மாற்றம். கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் அண்ணாமலையோடு இணைக்கப்பட்டன. அதற்கு முன் கடலூர்க் கல்லூரிகளுக்கு வேலூரில் உள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம்தான் தலைமையிடம். மார்க் ஷீட்டில் ஓர் எழுத்து தப்பினாலும், திருத்த அங்கே போவதை நினைத்தாலே மலைப்பாக இருக்கும். இப்போது பல்கலைக்கழகம் பாசஞ்சர் தூரத்தில் இருக்கிறது. கடலூர் பெரியார் கலைக் கல்லூரியில் படிக்கும் நெல்லிக்குப்பம் பிள்ளையும் இன்று அண்ணாமலை மாணவர்தான். பெயர்ப்பலகை மாறிவிட்டது, விடுதிக்காரர்களுக்கென்று வகுத்த மாலை மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்த மாலைகளில் அப்படி என்ன நடந்துவிட்டது என்று கேட்கலாம். மட்டக்களப்புப் பக்கத்துக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர், லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டதாரி. அறிவியல் ஆசிரியராக இருந்து ராமகிருஷ்ண மடத்துத் துறவியானவர். 1931இல் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்து 1933 வரை இருந்தார். பழந்தமிழர் மீட்டிய யாழ் எப்படி இருந்திருக்கும், அதன் நரம்புகள் எந்தெந்தச் சுரத்தில் நின்றன என்பதை இலக்கியத்தையும் கணக்கையும் ஒரு சேர வைத்து ஆராய்ந்தார். அந்த உழைப்பு 1947இல் ‘யாழ் நூல்’ என்று வெளிவந்தது. ‘நான் பிசிக்ஸ், தமிழ் மன்றத்துக்கு எதுக்குப் போகணும்?’ என்று கேட்கும் தம்பிகளுக்கு இந்தத் துறவியின் கதை ஒன்றே போதும்.

1941 ஆகஸ்டில் தமிழிசை மாநாடு கூடியதும் அண்ணாமலை நகரில்தான். கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்ற வழக்கு அங்கிருந்து சென்னைக்குப் போய், 1943இல் தமிழிசைச் சங்கமாக ஊன்றிக்கொண்டது. பின்னாளில் ‘நாவலர்’ என்றும் ‘பேராசிரியர்’ என்றும் நாடறிந்த நெடுஞ்செழியனும் அன்பழகனும் அங்கே படித்தவர்கள். இதன் மறுபக்கமும் உண்டு. 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் இராசேந்திரன் என்ற மாணவர் உயிரிழந்தார். அண்ணாமலை நகரில் நிற்கும் அவர் சிலையை நாள்தோறும் ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள். எத்தனை பேர் நின்று படித்திருப்பார்கள் என்பது வேறு கேள்வி.

பழம்பெருமை இவ்வளவு போதும். வரப்போகிற ஆண்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

சேர்க்கை நடக்கும் ஜூன், ஜூலையில் பிள்ளைகள் கையில் இருப்பது ஜெராக்ஸ் கட்டு. இந்தக் கட்டத்தில் தவறவிடும் காகிதம் மூன்று வருடத்துக்கும் துரத்தும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அதன் முழுப் பெயரில் இருக்கும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் யார் என்று வாங்குகிற பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். மூவலூர் மயிலாடுதுறையை ஒட்டிய ஊர், அந்த மாவட்டக் கல்லூரிகளும் இப்போது அண்ணாமலையின் கீழ்தான். ஆண் பிள்ளைகளுக்கு அதே உதவி தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களும் இவற்றில் சேரலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவருக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ். அதை இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், தொழிற்படிப்புக் கட்டணத்தில் அது பெரிய உதவி. ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்பதால், அண்ணன் வாங்கிவிட்டானா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது.

காகிதம் முடிந்தால் ஆட்கள் சேர்க்கும் காலம். என்.எஸ்.எஸ். என்றால் நம் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் புல் பிடுங்குவது. 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய இயக்கம் அது. ஆண்டுக்கு 120 மணி வீதம் இரண்டு ஆண்டில் 240 மணி நேரப் பணி, ஏழு நாள் கிராம முகாம். புல் பிடுங்கத்தான் வேண்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் ஏழு நாள் வேறொரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படுத்து, ஐம்பது பேருக்குச் சோறு வடித்து, அந்த ஊரில் குடிநீர் எங்கிருந்து வருகிறது, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று வீடு வீடாய்க் கேட்டெழுதிய பிள்ளை, பிறகு எந்த இன்டர்வியூவிலும் பேச்சில்லாமல் நிற்காது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை உழுதுவிட்டுப் போனபோது, பலா மரமும் முந்திரித் தோப்பும் கவிழ்ந்து கிடந்த ஊர்களில் எந்தக் கணக்கெடுப்புக்கும் கையும் காலும் தேவைப்பட்டன. புயலும் வெள்ளமும் நமக்குப் புதிதல்ல, பழகிய கைகள்தான் எப்போதும் போதவில்லை.

என்.சி.சி.யில் சேர்ந்து ‘சி’ சான்றிதழ் எடுத்தவர்களுக்கு ராணுவ அதிகாரி தேர்வில் தனி நுழைவு உண்டு. எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்குப் போகலாம். இது தெரியாமலே காக்கியைக் கழற்றிவிட்டுப் போனவர்கள் இந்த அவையிலேயே இருக்கலாம்.

அப்புறம் மழைக்காலம். பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் ஆகிய இடங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து கோடை ஆய்வு உதவித்தொகை ஒன்றை நடத்துகின்றன. ஆண்டின் பிற்பகுதியில் விண்ணப்பம், அடுத்த கோடையில் இரண்டு மாதம் நாட்டின் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒரு விஞ்ஞானியோடு வேலை. பயணச் செலவும் உதவித்தொகையும் உண்டு. ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பதைக் கொஞ்சம் உரக்கவே சொல்ல வேண்டும், பின் வரிசையில் சில பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க எழுதும் ஜாம் தேர்வுக்கும் ஏறக்குறைய அதே பருவத்தில்தான் விண்ணப்பம். தேர்வு பிப்ரவரியில். நெல்லிக்குப்பத்துக் கணித மாணவிக்கும் கான்பூர்க் கணித மாணவிக்கும் அங்கே ஒரே வினாத்தாள்.

2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தைக் கல்லூரிப் பிள்ளைகள் ‘நான் முதல்வன் பேப்பர்’ என்று இன்னொரு பாடமாகவே பார்க்கிறார்கள். வருகைப் பதிவுக்காக உட்கார்ந்து எழுந்து போனால் அது வெறும் பேப்பர்தான். அதற்குள்ளேயே போட்டித் தேர்வுப் பிரிவு ஒன்று இருக்கிறது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து மாதம் 7,500 ரூபாய் பத்து மாதம் தருகிறார்கள். முதல்நிலைத் தேர்வில் வென்றால் 25,000 ரூபாய். சென்னையில் ரூம் எடுத்துத் தங்கிப் படிக்க வழியில்லாத வீட்டுக்கு இந்தத் தொகையின் அருமை தெரியும். தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளையொட்டி மாவட்டந்தோறும் கல்லூரி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி வைக்கிறது. முதல் பரிசு 5,000 ரூபாய். கல்லூரி வழியாகத்தான் பெயர் போக வேண்டும், சர்க்குலர் வந்த நாளில் ஆசிரியரைப் பார்ப்பவர் பெயர்தான் போகிறது. இன்னொன்று, பதினெட்டு வயதானதும் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது. முன்பு ஜனவரி 1 ஒன்றே தகுதி நாள். 2022 முதல் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு மாதங்களின் முதல் நாளும் கணக்கு.

இவையெல்லாம் அரசும் நிறுவனங்களும் தருபவை. இனிச் சொல்லப் போவது ரயில் ஜன்னலுக்கு வெளியே கிடப்பவை. நம் மாவட்டத்தின் உண்மையான சொத்து அதுதான்.

வண்டி பரங்கிப்பேட்டையில் நிற்கிறது. வெள்ளாறு கடலில் கலக்கும் அந்த முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. ஆற்று நீரும் கடல் நீரும் கலந்து ஏறி இறங்கும் இடத்தில் எந்த நண்டு வாழும், எந்த மீன் குஞ்சு பொரிக்கும் என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே பார்த்து எழுதுகிறார்கள். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்து அங்கே படிக்கிறார்கள். கடலூர் மாவட்டத்து விலங்கியல் மாணவர்களோ அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

அடுத்த ஸ்டேஷன் கிள்ளை, பிச்சாவரத்துக்கு அதுதான் வாசல். சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. நமக்கு அது படகு விடும் இடம், சினிமாப் பாட்டு எடுத்த இடம். வெள்ளைக்காரர் காலம் தொட்டு அந்தக் காட்டைக் கூறு போட்டு மொட்டையாய் வெட்டியதில், வெட்டிய இடம் பள்ளமாகி, அலை நீர் உள்ளே தேங்கி, உப்பு ஏறி, மரம் முளைக்காமல் போயிற்று. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி அந்தப் பள்ளங்களுக்குள் அலை ஏறி இறங்க வழி செய்தார்கள். கண்டல் மீண்டும் தலையெடுத்தது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது அலையாத்தியும் சவுக்கும் மறைத்து நின்ற கிராமங்களில் சேதம் குறைவாகவும், வெட்டவெளியாய்க் கிடந்த கிராமங்களில் மிகுதியாகவும் இருந்ததைக் கடலூர்க் கடற்கரையை வைத்தே ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்தக் கட்டுரை 2005இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. உலகம் முழுவதும் சுற்றுச்சூழல் வகுப்புகளில் மேற்கோள் காட்டப்படுவது நம் பிள்ளைகளின் பாட்டி வீட்டுக் கடற்கரை.

எதிர்த்திசையில் போனால் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம். ‘பாலூர் 1’ என்ற பெயரில் கத்தரியும் உண்டு, பலாவும் உண்டு. கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம். அங்கிருந்து வெளிவந்த கோ.சி. 671 என்ற கரும்பு, சர்க்கரைச் சத்துக்குப் பேர் போனது. மகாராஷ்டிரம் வரை போய் வயல் வயலாய் நின்றது. பெயரில் உள்ள எழுத்துகளில் ஒன்று கோயம்புத்தூர், மற்றது கடலூர். தாவரவியல் மாணவர் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடி இன்டர்நெட்டில் இரவெல்லாம் அலைகிறார். தலைப்பு பண்ருட்டி சாலையில் நின்றுகொண்டிருக்கிறது.

நெல்லிக்குப்பத்தில் நின்று பேசிவிட்டு ஆலையைச் சொல்லாமல் விட்டால் ஊர்ப் பெரியவர்கள் மன்னிக்க மாட்டார்கள். 1842இல் தொடங்கிய பாரி சர்க்கரை ஆலை, இந்தியாவின் முதல் சர்க்கரை ஆலை என்று பெயர் பெற்றது. அரவைக் காலத்தில் ஊரெல்லாம் பாகு மணக்கும். அந்த மணத்துக்குள் எவ்வளவு வேதியியல் இருக்கிறது! பிழிந்த சக்கை கொதிகலனில் எரிந்து மின்சாரமாகிறது, கழிவுப்பாகு எரிசாராயம் வடிக்கப் போகிறது, வடிகட்டிய மண்டி வயலுக்கு எருவாகிறது. ஊரிலிருந்து கிளம்பிப் போகும் வேதியியல் மாணவர் மூன்று வருடமும் இந்தப் புகைபோக்கியைத் தாண்டித்தான் போகிறார். துறைத் தலைவர் கையொப்பமிட்ட கடிதம் ஒன்றோடு போய், உள்ளே ஒரு நாள் பார்க்க அனுமதி கேட்டதுண்டா? தொழிற்பழகுநர் பயிற்சிக்கு 1961ஆம் ஆண்டிலிருந்து சட்டமே இருக்கிறது. பக்கத்து நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பழகுநர்களை எடுக்கும் அறிவிப்புகள் நாளிதழில் வருகின்றன. ஐ.டி.ஐ. பிள்ளைகள் அதைக் கவனிக்கும் அளவுக்கு டிகிரி பிள்ளைகள் கவனிப்பதில்லை.

ஆய்வு என்றாலே வெள்ளைக் கோட்டு வேண்டும் என்று எண்ண வேண்டாம். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004 வாக்கில், பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் என்னென்ன நச்சு இருக்கிறது என்று கேட்டு வாங்கினார்கள். நாற்றம் எப்போது, எந்தப் பக்கமிருந்து வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதியவர்கள் பட்டதாரிகள் அல்லர்.

இனி, மனத்தில் உறுத்துவதைச் சொல்லிவிட வேண்டும். பங்கேற்புச் சான்றிதழ் என்று ஒரு நோய் பரவியிருக்கிறது. கூட்டம் நடக்கும்போது கதவோரம் நிற்பது, சான்றிதழ் கொடுக்கும்போது உள்ளே வருவது. நாற்பது சான்றிதழ் உள்ள கோப்பைத் திறந்து, ‘இந்தப் பயிலரங்கில் என்ன கற்றாய்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் கோப்பு மூடிக்கொள்கிறது. இதில் பிள்ளைகளைவிடக் கல்லூரிகளின் பங்கு அதிகம். படம் எடுத்து அறிக்கையில் ஒட்டினால் போதும் என்று நடத்தப்படும் விழாவில் மாணவர் என்ன கற்பார்? விழா முடிந்து இரண்டு நாள் கழித்து நோட்டீஸ் போர்டில் அதன் அழைப்பிதழ் ஏறுவதும் நடக்கிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவை மாணவர்கள் ஆண்டுதோறும் ‘சங்கே முழங்கு’ என்ற பெயரில் நாடகம் போடுகிறார்கள். படிப்பது பொறியியல், கணினி, மருத்துவம். பாடத்தில் ஒரு மார்க்கும் கிடையாது. அரங்கம், விளக்கு, ஒலி, டிக்கெட் எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். பணம் திரட்டத் தெரிந்துகொள்கிறார்கள், சண்டை போட்டுச் சமாதானம் ஆகத் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டித்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் ஒப்பீடு நியாயமாகும்.

நமக்கு அந்த வசதி இல்லை. ஆகவே நேரத்தை நகர்த்த வேண்டும். பல அரசுக் கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு உண்டு. இரண்டும் சந்திக்கும் நடுப்பகல் வேளையில் கூட்டம் வைத்தால் இரு தரப்பும் வரலாம். சனிக்கிழமை முற்பகல் இன்னும் நல்லது. அண்ணாமலை நகரில் நடக்கும் சிறப்புரைகளில் பத்தில் ஒன்றாவது கடலூரில் நடக்கட்டும். என்.எஸ்.எஸ். தேர்வையும் மன்றத் தேர்தலையும் முதல் இரண்டு வாரத்துக்குள் வகுப்பு நேரத்திலேயே முடிக்கட்டும். இதற்கெல்லாம் புதிதாக ஒரு ரூபாய் செலவில்லை, கால அட்டவணையில் கை வைக்க மனம் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2021இலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆக, அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசு தடையில்லை. ‘இருட்டுறதுக்குள்ள வந்துடு’ என்ற அச்சம்தான் தடை. அதில் நியாயம் இல்லாமலில்லை. அதே பஸ்ஸில் வரும் நான்கு பெண்கள் சேர்ந்து வாரத்தில் ஒரு நாள் தங்கிப் போகட்டும், யார் எந்த வண்டியில் வருகிறார்கள் என்று நான்கு வீட்டுக்கும் தெரியட்டும். பையனுக்கு இந்தக் கணக்கை எந்த வீடும் கேட்பதில்லை என்பதையும் அம்மாக்கள் கவனிக்கலாம்.

மாணவர்கள் செய்ய வேண்டியது சின்னது. திங்கட்கிழமை வகுப்புக்குப் போகும் முன் நோட்டீஸ் போர்டு முன்னால் இரண்டு நிமிடம் நின்று, கடைசித் தேதி எதுவெல்லாம் இந்த மாதம் என்று செல்போனில் படம் எடுத்து, ஊர்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். சினிமா டிரெய்லர் வரும் அதே குழுவில் இதுவும் வரட்டும். போனஃபைடு சான்றிதழ் நான்கைந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எதற்குக் கேட்டாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள், அலுவலகத்தில் அது கிடைக்கும் வேகம் உங்களுக்கே தெரியும்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேட்கலாம். கடலூர் போக வேண்டியவர்கள் முதலில் கேளுங்கள், உங்கள் பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்தான் இருக்கிறது.